உழைச்செல்வானும் நம் தேவதைகளும்

இலக்கியக் கூட்டங்களில் செவிலியரைக் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு சொற்கள் தப்பாமல் வந்து அமர்ந்துகொள்கின்றன. ஒன்று தேவதை, மற்றொன்று சேவை. பேசுபவர் கவிஞர் எனில் முதற்சொல், கட்டுரையாளர் எனில் இரண்டாவது, மேடை பெரிதாக இருந்தால் இரண்டும். இவ்விரு சொற்களையும் ஒரு பத்தாண்டுக் காலத்துக்கேனும் செவிலியர் இருக்கும் திசையில் எவரும் உச்சரிக்கலாகாது என்று விதி செய்யவேண்டும் என்பது நம் கட்சி. மிகையாகத் தோன்றும்; தோன்றட்டும். நான்காண்டுகள் உடற்கூற்றியலும் மருந்தியலும் நோய்க்கூற்றியலும் படித்து, பருவந்தோறும் தேர்வெழுதி, ஆயிரக்கணக்கான மணிநேரம் வார்டில் நின்று பட்டம் பெறும் ஒருவரை நோக்கி, ‘உங்கள் இயல்பே கருணை’ என்று சொல்வது பாராட்டைப் போலத் தொனிக்கும் அவமதிப்பு. இயல்பாக ஊறுவதற்குப் படிப்பு எதற்கு? அதற்கு ஊதியம்தான் எதற்கு? இந்த இரண்டு கேள்விகளையும் வாய்விட்டுக் கேட்காமலே விடை சொல்லி முடித்துவிட்ட சமூகம் நம்முடையது. தேவதை என்ற சொல் அந்த விடையின் சுருக்கெழுத்து.

நம் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: “நர்ஸ் படிப்புல அப்படி என்ன சார் இருக்கு? ஊசி போடணும், பொறுமையா இருக்கணும், அவ்வளவுதானே?” கேட்டவர் தமிழாசிரியர். அந்த வாரம் அவர் இளங்கலை வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தது திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம். இதைவிடப் பொருத்தமாக ஒரு விவாதத்தைத் தொடங்கிவைக்க எவராலும் இயலாது.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவம் என்பதை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒருவனை அது எண்ணுகிறது: உழைச்செல்வான். அருகில் இருந்து மருந்தைப் பிழையின்றி ஊட்டுபவன். இக்காலச் சொல்லில் செவிலியர். மருத்துவனுக்குக் கீழே ஒரு படியாக வைக்கவில்லை. மருத்துவம் என்ற பொருளின் நாலில் ஒரு பங்காக வைத்திருக்கிறது. பரிமேலழகர் இங்கே மேலும் ஒரு காரியம் செய்கிறார். நால்வகைக்கும் தனித்தனியே நான்கு தகுதிகளைக் கூறுகிறார். உழைச்செல்வானுக்கு அவர் கூறும் தகுதிகளின் சாரம் இது: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வன்மை, அறிவு. வடமொழி மருத்துவ நூலாகிய சரகமும் பணிவிடையாளனுக்கு ஏறத்தாழ இவற்றையே சொல்கிறது. அங்கே முதலில் நிற்பதே பணிவிடை பற்றிய அறிவுதான். உரைமரபு அறிந்த நாம் என்ன செய்தோம்? அன்பை எடுத்துக்கொண்டோம். தூய்மையை வெள்ளை உடையாக்கினோம். சொன்னதைச் செய்யும் வன்மையைக் கீழ்ப்படிதலாகச் சுருக்கினோம். நான்காவதை ஓலையோடு கட்டி வைத்துவிட்டோம்.

‘செவிலி’ என்ற சொல்லே இந்தக் குழப்பத்தில் ஒரு பங்கு வகித்திருக்கிறது என்று நமக்கு ஐயம் உண்டு. அகமரபில் செவிலி வளர்ப்புத்தாய், உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடப்பவள், தோழியின் தாய். மகத்தான பாத்திரம்தான். ஆனால் நர்ஸ் என்பதற்கு இணையாக அச்சொல்லை நாம் தேர்ந்தபோது ஒரு தொழிலின் நெற்றியில் தாய்மையை ஒட்டிவிட்டோம். ஈழத்திலும் மலேசியாவிலும் வழங்கும் ‘தாதி’யும் இதே வழியில் வந்ததே. தாய் என்று அழைத்தபின் சம்பளம் கேட்பவளைக் கண்டு முகம் சுளிப்பது எளிதாகிவிடுகிறது. சொல்லை மாற்றவேண்டும் என்று நாம் கேட்கவில்லை, காலம் கடந்துவிட்டது. எதை அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அறிந்து அழைக்கலாம்.

அண்மையில் ஒரு செவிலியர் கல்லூரியில் விளக்கேற்றும் விழாவுக்கு நம் துறையிலிருந்து ஒரு பேச்சாளரைக் கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: ‘அன்னையரின் மறுவடிவம்’. முதலாண்டு மாணவியர் வெள்ளை உடையில், கையில் மெழுகுவத்தியோடு வரிசையாக நின்றனர். இடையில் நான்கைந்து மாணவர்கள் மிகுந்த சங்கடத்தோடு அன்னையரின் மறுவடிவங்களாக நின்றனர். சிறப்பு விருந்தினர் நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். பிறகு உறுதிமொழி.

அந்த விளக்கைப் பற்றி இலக்கிய வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு. அதை ஏற்றியதில் ஒரு கவிஞனுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. கிரிமியப் போரின்போது லண்டன் நாளிதழ்ச் செய்தியில் வந்த விளக்கை லாங்ஃபெல்லோ 1857இல் கவிதையாக்கினார். விளக்கேந்திய சீமாட்டி பிறந்தார். நைட்டிங்கேலோ அதே காலத்தில் இராணுவ மருத்துவமனைகளின் இறப்புக் கணக்குகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். போர்வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காயம் அன்று, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய் என்று நிறுவும் அவருடைய வட்ட வரைபடம் 1858இல் வெளியாயிற்று. லண்டன் புள்ளியியல் கழகம் உறுப்பினராக ஏற்ற முதற்பெண் அவர். 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமானார். எண்ணத் தெரிந்த பெண்ணை, கணக்குக் கேட்ட பெண்ணை, இலக்கியம் விளக்குத்தாங்கியாக்கிவிட்டது. அவர் பெயரால் மாணவியர் எடுக்கும் உறுதிமொழியும் அவர் எழுதியதன்று; 1893இல் டெட்ராய்ட் நகரச் செவிலியர் பள்ளியொன்றில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. தூய வாழ்வும் மருத்துவருக்கு விசுவாசமும் அதன் மூல வாசகத்தில் முக்கிய இடம் பெறுகின்றன. கணக்கு கேட்பேன் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

நம் திரைப்படங்கள் இவ்வகையில் இன்னும் தாராளம். ‘பாலும் பழமும்’ (1961) பார்த்து அழாத வீடு இல்லை. செவிலி மருத்துவரை மணக்கிறாள். பிற்பாடு பார்வையிழந்த அவருக்கு, தான் யாரென்று சொல்லாமல், செவிலியாகவே திரும்பி வந்து பணிவிடை செய்கிறாள். அற்புதமான நடிப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே செவிலியம் என்பது மனைவியின் தவத்துக்கு இன்னொரு பெயர். அதற்குப் பின்வந்த படங்களில் தவமும் போய், மலையாள வாடை கலந்த தமிழ் பேசும் நகைச்சுவைப் பாத்திரம் மட்டுமே எஞ்சியது. சிற்றிதழ்ச் சிறுகதைகள் மேலானவையா? மரணப் படுக்கையில் கிடக்கும் கதைசொல்லிக்குச் சலைன் மாற்றிவிட்டு, ஓர் ஒளிமிகுந்த புன்னகையோடு வெளியேறும் பெண்ணை எத்தனை கதைகளில் பார்த்தாகிவிட்டது! செக்காவை அவர் மருத்துவர் என்பதாலேயே இருமடங்கு நேசிக்கும் கூட்டம் நம்முடையது. அவருடைய ‘வார்டு எண் 6’ (1892) கதையில் நோயாளிகளின் அருகே எப்போதும் இருப்பவன் நிகித்தா என்ற காவலாள். அவனுக்குத் தெரிந்த சிகிச்சை முஷ்டி. படித்த உழைச்செல்வான் இல்லாத மருத்துவமனை எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை.

சரி, நான்காவது தகுதியாகிய அறிவு என்பதுதான் யாது? ஒரு சிறு எடுத்துக்காட்டு. நம் நாட்டில் இன்சுலின் இரு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு, ஒரு மில்லிலிட்டரில் 100 அலகு. இரண்டுக்கும் தனித்தனி ஊசிக்குழல்கள். முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை இழுத்தால் நோயாளியின் உடலுக்குள் போவது 20 அலகு அன்று, 50. இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து, வியர்த்து, நினைவு தப்பி, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். நள்ளிரவில், ஒரு வார்டு நிறைய நோயாளிகளுக்கு நடுவே, மூடியின் நிறத்தைப் பார்த்து ஒரு கணம் நிற்கும் கண்ணுக்கு என்ன பெயர்? கருணையா? அரை லிட்டர் உப்புநீரை நான்கு மணிநேரத்தில் ஏற்றவேண்டும், குழாய் மில்லிலிட்டருக்கு 20 துளி விடுவது என்றால் நிமிடத்துக்கு 42 துளி என்று மனக்கணக்காகச் சொல்லவேண்டும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பது கைக்குத் தெரிந்திருக்கவேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதலாண்டிலேயே மனனம் செய்விக்கிறார்கள். யாப்பிலக்கணத்தில் தளை தட்டினால் வெண்பாதான் கெடும்.

இந்தப் படிப்பு நேற்று முளைத்ததுமன்று. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் செவிலியத்தில் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. அதே ஆண்டு வெளிவந்த போர் குழுவின் அறிக்கை அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்று கணக்கிட்டது. ஆக, தமிழ் மண்ணில் செவிலியம் பட்டப்படிப்பாகி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் தமிழ் முதுகலை வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்பதை மேற்படி நண்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இனி வார்டுக்கு வருவோம். இந்தியச் செவிலியர் குழுமம் 2021இல் கொண்டுவந்த பாடத்திட்டம் நான்காண்டுகளை எட்டுப் பருவங்களாகப் பிரித்து, மதிப்புப்புள்ளி முறையில் அமைத்திருக்கிறது. வகுப்பறைப் பாடத்தில் வாரம் ஒரு மணிநேரம் ஒரு புள்ளி. வார்டுப் பயிற்சியில் வாரம் நான்கு மணிநேரம் ஒரு புள்ளி. இருபது வாரப் பருவத்தில், வகுப்பில் 20 மணிநேரம் அமர்ந்தால் கிடைப்பதை வார்டில் 80 மணிநேரம் நின்றுதான் பெறவேண்டும். செய்முறைக்கு எடை குறைவு என்பது எல்லாப் படிப்பிலும் உள்ளதுதானே என்பார்கள். உள்ளதுதான்; அதே திட்டத்தில் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மணிநேரத்துக்கு ஒரு புள்ளி. பொம்மைக்கு ஊசி போட்டால் இரண்டு, மனிதருக்குப் போட்டால் நான்கு. கற்றலின் கனம் கூடக்கூட மதிப்பு குறையும் இந்தக் கணக்கை வகுத்தவர்கள், வார்டில் கழியும் நேரத்தில் பெரும்பகுதி கற்றல் அன்று, வேலை என்பதை உள்ளூர அறிந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். எட்டாம் பருவம் முழுக்க உள்ளுறைப் பயிற்சி: 22 வாரம், வாரத்துக்கு 48 மணிநேரம். மருத்துவ மாணவருக்கு இத்தகைய பயிற்சிக் காலத்தில், விதியளவிலேனும், உதவித்தொகை உண்டு. தனியார் செவிலியர் கல்லூரி மாணவியோ அவ்வாண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைகிறாள். காசு கொடுத்து வேலை பார்க்கும் ஏற்பாடு உலகில் வேறெங்கேனும் இருக்கிறதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லட்டும்.

இதில் இருவகைக் கல்லூரிகள். சொந்த மருத்துவமனை வைத்திருப்பவை ஒருவகை. அங்கே மாணவியின் பெயர் வருகைப்பதிவில் மாணவி, வார்டுப் பட்டியலில் ஆள். ஊழியர் இருவர் விடுப்பு எடுத்தால் மூன்றாமாண்டுப் பெண்கள் நால்வர் இரவுப்பணிக்குப் போகிறார்கள். மறுநாள் காலை வகுப்பில் உறங்கி வசவு வாங்குகிறார்கள். மற்றது மருத்துவமனை இல்லாத வகை. பேருந்து ஏற்றி அரசு மருத்துவமனைக்கோ வேறொரு தனியார் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். ஏற்கெனவே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அங்கே நிற்பார்கள். ஒரு பிரசவத்தைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கும். முன்வரிசைக்குப் பிள்ளையின் தலை தெரியும், பின்வரிசைக்கு முன்வரிசையின் தலை தெரியும். ஆயினும் மகப்பேற்றுப் பதிவேட்டில் எல்லோருக்கும் கையெழுத்து விழவேண்டும், விழுந்துவிடும். முதல்வகையில் கற்பதற்கு நேரமில்லாத வேலை, இரண்டாம் வகையில் தொடுவதற்கு நோயாளி இல்லாத படிப்பு. இவற்றுக்கு இடையே, நோயாளியும் இருந்து, உடன் நின்று கற்பிக்கும் ஆசிரியரும் இருக்கிற நல்ல கல்லூரிகள் உண்டு, இல்லாமல் இல்லை. அவற்றில் இடம் கிடைப்பது நம் ஊர்ப் பெண்ணுக்கு எளிதன்று. பிரிட்டனில் 1980களின் இறுதியில் இப்பயிற்சியைச் சீர்திருத்தியபோது, வார்டின் ஆள்கணக்கில் மாணவரைச் சேர்க்கலாகாது, அவர் கணக்குக்கு மேற்பட்டவர் என்று வகுத்தார்கள். அங்கும் நடைமுறை வேறாகத்தான் இருக்கிறதென்பார்கள். ஆனால் மீறப்படுவதற்கேனும் ஒரு விதி இருக்கிறது.

விழா முடிந்து தேநீர் வேளையில் இரண்டாமாண்டு மாணவியர் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்னையரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண் கையிலிருந்த பயிற்சி ஏட்டைப் பிரித்துக் காட்டி, “ஐயா, நோயாளி சொல்றத அப்படியே எழுதணும்னு மேடம் சொல்றாங்க. ஆனா இங்கிலீஷ்ல எழுதணுமாம். அப்படியேன்னா எப்படிய்யா?” என்றாள். மொழிபெயர்ப்பியல் கருத்தரங்குகள் பலவற்றில் கேளாத செம்மையான கேள்வி அது. நம் பேச்சாளர் தயாரித்து வந்த முப்பது நிமிட உரையில் அதற்கு விடை இல்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் மாணவி ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதவேண்டும். அதில் முதல் பத்தி இரண்டு வகைத் தகவல்: அகநிலை, புறநிலை. புறநிலை என்பது அளந்து அறிவது. காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம். அகநிலை என்பது நோயாளி தானே சொல்வது. அகம் புறம் என்று ஈராயிரம் ஆண்டுகளாகப் பகுத்துப் பழகிய மொழிக்குச் சொந்தக்காரியான அந்தப் பெண், அகத்தை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். படுக்கையில் கிடக்கும் கிழவி, “தாயி, ராத்திரி பூரா வயித்தப் போட்டுப் பிசையுது, அப்பறம் சுருக்குனு இடுப்புல வந்து நிக்குது” என்கிறாள். ஏட்டில் ஏறுவது: ‘நோயாளி வயிற்றுவலி இருப்பதாகக் கூறுகிறார்’ என்பதன் ஆங்கிலம். பிசைந்த வலியும் சுருக்கென்று இடம்பெயர்ந்த வலியும் ஒரே சொல்லில் அமுங்கிவிட்டன. குடலா சிறுநீரகக் கல்லா என்று ஐயுறுவதற்கு வழிவைத்ததே அந்த இரு வினைச்சொற்கள்தாம்.

தமிழில் வலிக்கு எத்தனை வினைகள்! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, காந்துகிறது, இழுத்துப் பிடிக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. நெஞ்சு கரிப்பது வேறு, நெஞ்சு அடைப்பது வேறு, நெஞ்சு படபடப்பது வேறு. மூச்சு வாங்குவதும் மூச்சு முட்டுவதும் இளைப்பதும் ஒன்றல்ல: மாடிப்படி ஏறியவருக்கு வாங்கும், நீர் கோத்த நுரையீரலோடு படுத்தவருக்கு முட்டும், ஆஸ்துமாக்காரருக்கு இளைக்கும். பாமரர் சொல்லும் இவ்வேறுபாடுகள் நோயறிதலில் பாதி வேலையைச் செய்துவிடக்கூடியவை. ஆனால் பயிற்சி ஏட்டில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல்லும், சுழியத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணும். “வலி பத்துக்கு எத்தனைம்மா?” என்று கேட்கிறாள் மாணவி. “நீ பாத்துப் போட்டுக்க கண்ணு” என்கிறாள் கிழவி, மதிப்பெண் போடுவதாக நினைத்து.

‘வாய்வு’ என்ற சொல் ஒன்று போதும். நம் மக்களுக்கு மார்பில் எது வந்தாலும் வாய்வு. வாய்வுப் பிடிப்பு என்று சுக்குக் கசாயம் குடித்துப் படுத்து, எழாமலே போனவர்கள் ஊருக்கு ஒருவரேனும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். வெறும் வியர்வையும் வாய்வுமாக வரும். அச்சொல்லைக் கேட்டவுடன் இதயமாக இருக்குமோ என்று துணுக்குறும் செவி வேண்டும். அது பாடநூலில் இல்லை, ஏனெனில் பாடநூலில் வாய்வு இல்லை.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. தேர்வுக்குத் தேர்வு இதைக் கேட்கிறோம், மாணவரும் அதே பழைய எடுத்துக்காட்டுகளை எழுதித் தள்ளுகிறார்கள். வார்டுக்குள் சென்று பார்த்தால் மூன்றும் உயிரோடு உலவுவது தெரியும். ‘நாள் தள்ளிப்போச்சு’, ‘வெள்ளைபடுது’, ‘அடி இறங்குது’ என்று பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதெல்லாம் இடக்கரடக்கல். அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கா’ என்பது மங்கலம். நோயாளி இவ்விரண்டிலும் பேச, மருத்துவமனை மூன்றாவதில் பேசுகிறது: என்.பி.ஓ., எஸ்.ஓ.எஸ்., ஸ்டாட். இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் இருபது வயது மாணவி. அறுவைக்கு முன் என்.பி.ஓ. என்று தாளில் எழுதியிருக்கும். வாய்வழியே எதுவும் கூடாது என்று பொருள். அவள் அதைத் தமிழாக்கி, “சாப்பிடக் கூடாதுங்க பெரியவரே” என்கிறாள். பெரியவர் சொல் தவறாதவர். மறுநாள் காலை மேசையில் ஏற்றும் நேரத்தில், “ஒண்ணும் சாப்பிடலம்மா, டீதான் குடிச்சேன்” என்கிறார். நம் மொழியில் சாப்பாடு என்றால் சோறு. தேநீர் அந்தச் சொல்லுக்குள் வாராது. மயக்கநிலையில் வயிற்றிலுள்ளது மூச்சுக்குழலுக்குள் ஏறினால் என்ன ஆகும் என்பதை மயக்கவியல் மருத்துவர்கள் அறிவார்கள். அறுவை தள்ளிப்போகிறது, ஏச்சு மாணவிக்கு. அவளுக்கு ‘தண்ணி, டீ, எதுவுமே வாயில படக் கூடாது’ என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும் என்று எவரும் கற்பிக்கவில்லை. புதிய பாடத்திட்டத்தின் முதற்பருவத்தில் தொடர்பு ஆங்கிலம் என்றொரு தாள் இருக்கிறது, இருக்கட்டும். வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகும் பிள்ளைகளுக்கு அது வேண்டும். அந்த வரிசையில் நோயாளியின் மொழி என்று எதுவும் இல்லை.

ஊதியத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அது எல்லோரும் அறிந்தது, அறிந்தும் பேசாதிருப்பது. உச்சநீதிமன்றம் 2016இல் பணித்ததன்பேரில் நடுவணரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. நம்மூர்ச் சிறு மருத்துவமனைகளில் பட்டத்தோடு வேலைக்குச் சேரும் பெண்கள் சொல்லும் தொகை அதற்கு வெகு கீழே நிற்கிறது. 2020 மே மாதம் மருத்துவமனைகளின்மேல் விமானப்படை பூமாரி பொழிந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர் பலருக்கு 2022 டிசம்பரோடு பணி முடிந்தது. பூ விழுந்ததற்கும் வேலை போனதற்கும் இடையே இரண்டரை ஆண்டுகள். கவிதைகள் அனைத்தும் முன்னதைப் பற்றியவை.

‘இவர்கள் ஏன் எழுதுவதில்லை?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதுகிறார்கள். ஆண்டுக்கணக்காக, நாள் தவறாமல், பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வந்தவர் பெயர், வயது, ஊர், தொழில், என்ன சொன்னார், இரவு எப்படிக் கழிந்தது, விடியலில் என்ன ஆயிற்று. தமிழ்ச் சமூகத்தின் உடலைப் பற்றி இவ்வளவு அணுக்கமாக எழுதப்படும் உரைநடை வேறொன்று இல்லை. அது பிறமொழியில் எழுதப்பட்டு, மதிப்பெண் இடப்பட்டு, கல்லூரி முடிந்ததும் பழைய தாள் கடைக்குப் போய்விடுகிறது. நோயாளியின் மறைபொருள் காக்கவேண்டும் என்பதால் அவற்றை அப்படியே அச்சிடமுடியாது, கூடாது. ஆனால் அந்தக் கை தமிழில் எழுதிப் பழகியிருந்தால் பின்னொரு நாள் அதிலிருந்து என்ன பிறந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். உடலின் மொழி என்று பிரெஞ்சுக் கோட்பாட்டாளர்களை மேற்கோள் காட்டிப் பத்திரிகைச் சிறப்பிதழ் போடுகிற நாம், நாலு தெரு தள்ளியிருக்கும் மகப்பேற்று வார்டை எட்டிப் பார்த்ததில்லை.

நம் துறையில் மூவர் கூடி, அக்கல்லூரிக்கு முப்பது மணிநேரத் தாள் ஒன்றை வரைந்து அனுப்பினோம். நோய்க்குறிகளை மக்கள் சொல்லும் சொற்கள். இடக்கரடக்கலும் அதைக் காயப்படுத்தாமல் அவிழ்க்கும் விதமும். வயதுக்கும் சாதிக்கூச்சத்துக்கும் ஏற்ப விளிக்கும் முறை. அறுவைக்கான ஒப்புதலை விளக்கிச் சொல்லும் தமிழ். துக்கச் செய்தி சொல்லும் தமிழ். நோயாளியின் சொல்லைத் தமிழ் எழுத்தில் அவ்வாறே எழுதி, எதிரே ஆங்கிலம் எழுதும் ஒரு பத்தியைப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கலாம் என்றும் எழுதியிருந்தோம். கால அட்டவணையில் இடமில்லை என்று பதில் வந்தது. கூடவே, ஆண்டுவிழா மலருக்குச் செவிலியர் பெருமை பற்றி ஒரு மரபுக்கவிதை வேண்டும் என்று அன்பான வேண்டுகோளும். கவிதை அனுப்பவில்லை. மாணவியர் சிலர் மட்டும் விடுமுறை நாள்களில் வந்து, தாம் வார்டில் கேட்ட சொற்களைத் தந்து போகிறார்கள். இதுவரை வலிக்கு மட்டும் அறுபத்துச் சொச்சம் சேர்ந்திருக்கின்றன, பெரும்பாலும் காவிரிக்கரைச் சொற்கள். நெல்லை, குமரி, கொங்குப் பகுதி நண்பர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, எந்த உறுப்புக்கு எந்தச் சொல், எப்போது சொல்வார்கள் என்ற குறிப்போடு எழுதி அனுப்பினால் அட்டவணை நிறையும். ஈழத்து நண்பர்களிடமிருந்து குறிப்பாக எதிர்பார்க்கிறோம். அங்கே ‘நோகுது’ என்ற ஒரு சொல்லே எத்தனை வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தப் பத்தியைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறோம்.